புளி

ஜிம்மி செத்தது 2012 தீபாவளிக்கு நாலு நாள் முன்னாடி. நான் பி.எம்.ஆர். எழுதி முடித்து வீட்டில் சும்மா இருந்த சமயம். முதல் நாள் பூரா வாந்தி. அப்புறம் சோறு தொடவில்லை, தண்ணி மட்டும் குடித்தான். மூன்றாம் நாள் மூத்திரமே போகவில்லை. நாலாம் நாள் காலையில் கார் நிறுத்துற இடத்தில் விறைத்துக் கிடந்தான்.

"மருந்து வச்சிட்டாங்க" என்றார் அப்பா. யார் என்று சொல்லவில்லை, பக்கத்து வீட்டு வேலியைப் பார்த்தார். அங்கே இருந்த ஆ பெக், ஜிம்மி ராத்திரியில் குரைப்பதைப் பற்றி ரெண்டு தடவை வந்து சொல்லியிருந்தார். அது போதும் எங்களுக்கு. அதுவரைக்கும் டுரியான் சீசனில் பாலிக் பூலாவிலிருந்து வந்த பழத்தில் ரெண்டை வேலிக்கு மேலே நீட்டுகிறவர் அவர். அடுத்த வருஷமும் நீட்டினார். அப்பா வாங்கவில்லை. அதோடு சரி.

போன மாசம் அம்மா கருப்பனுக்குத் திராட்சை கொடுத்தார். கொட்டையில்லாத பச்சைத் திராட்சை, கழுவி, பாதியாக நறுக்கி, ஒரு கிண்ணம். தொண்டையில் சிக்கக்கூடாதாம். வேலை முடிந்து பட்டர்வொர்த் வந்து சேர்ந்தபோது கிண்ணம் காலி. மருத்துவருக்குப் போன் போட்டேன். வாந்தி வரும்வரை காத்திருக்காதே, இப்பவே தூக்கிட்டு வா என்றார். ஊசி போட்டு வாந்தி எடுக்க வைத்தார், ரெண்டு நாள் டிரிப்ஸ் ஏற்றினார், சிறுநீரகத்துக்காக ரத்தத்தில் கிரியேட்டினின் பார்த்துக்கொண்டே இருந்தார். கருப்பன் தப்பித்தான். கிளம்பும்போது அவர் சொன்னது: "கிஸ்மிஸும் ஆகாது. அசாம் ஜாவாவும்தான்."

அசாம் ஜாவா. நம்ம புளி.

அன்றைக்கு ராத்திரி தூங்காமல் படித்தேன். திராட்சை நாய்களின் சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று அமெரிக்கக் கால்நடை மருத்துவர்கள் 2001-லேயே எழுதிவிட்டார்கள். ஏன் என்றுதான் தெரியாது. பூச்சிமருந்து என்றார்கள், பூஞ்சை என்றார்கள். ஒரு நாய் கிலோ கணக்கில் தின்று சும்மா இருக்கும், இன்னொன்று கைப்பிடியில் சாகும். பிறகு ஒரு நாய், பிள்ளைகள் விளையாட வீட்டில் பிசைந்த மாவைத் தின்று அதே மாதிரி சிறுநீரகம் போய்க் கிடந்தது. மாவில் கிரீம் ஆஃப் டார்ட்டர் கலந்திருந்தது. அங்கிருந்து பிடித்து, டார்டாரிக் அமிலம்தான் காரணமாக இருக்கும் என்று 2021-ல் எழுதினார்கள். ரகத்துக்கு ரகம், பழுக்கப் பழுக்க, அதன் அளவு மாறும். திராட்சையில் அதிகபட்சம் 2 சதவீதம். புளியின் சதையில் 8 முதல் 18 வரைக்கும் போகும். அடுத்த வருஷமே, புளி தின்று சிறுநீரகம் செயலிழந்த நாய்களைப் பற்றித் தனிக் கட்டுரை வந்தது.

ஜிம்மி ரசம் சோறு தின்று வளர்ந்தவன், அது அவனை ஒன்றும் செய்யவில்லை. ஆனால் அந்தத் தீபாவளிக்கு அம்மா புளியைப் பிரித்து, கொட்டை எடுத்து, முறத்தில் காயப்போட்டிருந்தார். பாதி காணோம். "திருட்டு நாயி" என்று சிரித்ததும் ஞாபகம் இருக்கிறது. மறுநாள் வாந்தியை யாரும் அதோடு சேர்த்துப் பார்க்கவில்லை.

நிரூபிக்க முடியாது. தொழிற்சாலையில் உடைந்த பாகம் கையில் இல்லாமல் காரணம் எழுதினால் மேலாளர் அறிக்கையைத் திருப்பி அனுப்பிவிடுவார். ஜிம்மி வாழைமரத்தடியில் இருக்கிறான். அப்பா 2019-ல் போய்விட்டார், கடைசிவரைக்கும் ஆ பெக்தான் என்று நம்பிக்கொண்டு.

அம்மாவிடம் சொல்லாமலே விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். அவரோ தினமும் கேட்டார். பப்பாளி கொடுக்கலாமா? கொட்டையெடுத்துக் கொடுங்க. ரம்புத்தான்? தோலும் கொட்டையும் வேணாம், சதை கொஞ்சம். மாங்காய்க் கொட்டை கடிக்கத் தரலாமா? குடலை அடைச்சிரும்மா. டுரியான்? அது நமக்கே ஜாஸ்தி. வாழைப்பழம், தர்பூசணி பரவாயில்ல.

"அந்தப் புளி டப்பாவ ஏன் மேல தூக்கி வச்ச?"

சொன்னேன். திராட்சையில் ஆரம்பித்து முழுசாக.

அம்மா கையிலிருந்த ரம்புத்தானை உரித்து முடித்தார். கொட்டையிலிருந்து சதையைக் கத்தியால் சீவினார். கருப்பன் காலடியில் வந்து உட்கார்ந்தான். ரொம்ப நேரம் கழித்துக் கேட்டார்:

"ஆ பெக் இப்போ புக்கிட் மெர்தாஜாம்ல மகள் வீட்டுல தானே இருக்காரு? வீடு எங்கன்னு தெரியுமா?"