முழு இதழையும் புரட்டுங்கள்

பழைய இதழ்களை வைத்து ஆய்வு செய்ய வரும் பிள்ளைகளுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். தேடிய கட்டுரை திரையில் கிடைத்த உடனே கோப்பை மூடிவிடாதீர்கள். அது வெளியான இதழை முன்னட்டையிலிருந்து பின்னட்டைவரை ஒருமுறை புரட்டுங்கள். ஆய்வேட்டுக்கு நாள் நெருங்குகிற அவசரத்தில் இது வீண்வேலையாகத் தோன்றும். ஆனால் என் மாணவர்களில் நல்ல ஆய்வேடு எழுதியவர்கள் அத்தனை பேரும் இந்த வீண்வேலையைச் செய்தவர்கள்தாம்.

நாங்கள் படித்த காலத்தில் ஓர் இதழைக் கண்ணால் பார்ப்பதே பெரும்பாடு. சென்னைக் கன்னிமாரா நூலகத்தில் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருப்போம். மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடைகளில் குனிந்து குனிந்து தேடுவோம். 1985இல் அதுவும் தீயில் போயிற்று. கிடைத்த இதழைத் தொடவும் பயமாக இருக்கும். மரக்கூழில் செய்த மலிவான தாள் அது. அதில் ஊறிய அமிலமே தாளை உள்ளிருந்து அரித்துவிடும். ஓரம் அப்பளமாக நொறுங்கும், கம்பி தைத்த இடத்தில் துரு படிந்து எழுத்தை மறைக்கும். பக்கத்தைப் புரட்டுகிற ஒவ்வொரு முறையும் அதன் ஆயுள் கொஞ்சம் குறைகிறதே என்ற வருத்தத்தோடுதான் பென்சிலால் குறிப்பெடுப்போம். இன்று தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்திலும் ஈழத்து ஆவணங்களுக்கென்று 2005இல் தொடங்கிய நூலகம் திட்டத்திலும் எத்தனையோ இதழ்களை வீட்டிலிருந்தபடியே படிக்கிறீர்கள். இதைப் பார்க்க எனக்கு அவ்வளவு மகிழ்ச்சியாக இருக்கிறது.

இதெல்லாம் தானாக வந்து சேர்ந்ததில்லை. செட்டிநாட்டுக் கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்த ரோஜா முத்தையா, மற்றவர்கள் குப்பை என்று ஒதுக்கிய நூல்களையும் இதழ்களையும் நோட்டீசுகளையும் அழைப்பிதழ்களையும் கைக்காசு போட்டுச் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்தபோது ஒரு லட்சத்தை ஒட்டிய சேகரம் அந்த வீட்டில் இருந்தது. சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கியது. அது தமிழ் மண்ணிலேயே இருக்கும்படி 1994இல் சென்னையில் அவர் பெயரில் ஆராய்ச்சி நூலகம் அமைந்தது. முதலில் நுண்படச்சுருள், பிறகு மின்வடிவம் என்று வேலை வளர்ந்தது. பல்கலைக்கழகங்கள் செய்யாததை ஒரு போர்டு எழுத்தாளர் செய்தார். அவர் பெயரைத் தெரிந்துகொண்டு இந்த வேலைக்குள் வாருங்கள்.

சரி, ஏன் முழு இதழ்? ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை ‘கல்கி’யில் தொடராக வந்தபோது எத்தனையோ வீடுகளில் வாராவாரம் அந்தப் பக்கங்களைக் கத்தரித்துச் சேர்த்து பைண்டு செய்து வைத்தார்கள். அப்படியொரு கட்டு கையில் கிடைத்தால் கதை ஓடும் பக்கத்தின் மறுபுறத்தையும் பாருங்கள். பாதியில் அறுபட்ட துணுக்கு இருக்கும், ஒரு விளம்பரத்தின் கால்வாசி இருக்கும். ஓவியர் மணியம் வரைந்த வந்தியத்தேவனோடு அந்த வாரத்துச் செய்தியையும் சோப்பையும் தலைவலி மருந்தையும் சேர்த்துத்தான் வாசகர்கள் பார்த்தார்கள். புத்தகப் பதிப்பில் இதெல்லாம் இருக்காது. நூலகங்களுக்கு பைண்டு செய்தவர்களும் சிக்கனம் பார்த்து அட்டையையும் விளம்பரப் பக்கங்களையும் கழித்துக் கட்டியதுண்டு. அட்டை இல்லாத மின்பிரதி கண்ணில் பட்டால், அங்கே என்ன போயிருக்கும் என்று கேட்டுப் பாருங்கள்.

இரண்டாம் உலகப் போர்க்கால இதழ்களைக் கையில் எடுத்தாலே பக்கம் மெலிந்திருப்பது தெரியும். காகிதத் தட்டுப்பாடு வந்த கதையை எந்தக் கட்டுரையும் சொல்லவேண்டியதில்லை. முப்பதுகளின் ‘ஆனந்த விகடனை’ வரிசையாகப் பார்த்தால் குறுக்கெழுத்துப் போட்டி வாசகர்களை எப்படி இழுத்தது என்று விளங்கும். பாரதி நடத்திய ‘இந்தியா’வின் கருத்துப்படங்களைத் தேடுபெட்டி கண்டுபிடித்துத் தராது, படத்தில் சொல் இருந்தாலும் இயந்திரம் அதைப் பெரும்பாலும் படிப்பதில்லை. கட்டுரையை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறவருக்குப் பாரதியின் பாதி அரசியல் தெரியாமலே போய்விடும்.

தேடுபெட்டியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லவேண்டும். அதை நான் குறை சொல்லவில்லை, அது நல்ல வேலைக்காரன். ஆனால் 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முன் அச்சான ணா, றா, னா, ணை, லை போன்ற எழுத்துகளின் பழைய வடிவங்களில் இயந்திரம் தடுமாறும். நீங்கள் ‘சுதந்திரம்’ என்று தட்டுவீர்கள், இதழிலோ ‘ஸ்வதந்திரம்’ என்றிருக்கும். சொற்கள் சந்தி சேர்ந்து ஒரே நீளமாக ஓடும். அதனால் ஒரே சொல்லை நாலைந்து விதமாக எழுதித் தேடிப் பழகுங்கள். தேதியிலும் கவனம் வேண்டும். அட்டையில் ‘சர்வசித்து – தை’ என்று இருந்தால், சர்வசித்து 1947இல் பிறந்த ஆண்டு என்று பார்த்து 1947 என்று குறித்துவிடுகிறார்கள். சித்திரையில் தொடங்கும் ஆண்டின் தை மாதம் 1948இல் விழும். காந்தி சுடப்பட்ட மாதத்து இதழ் உங்கள் குறிப்பில் ஓராண்டு முன்னால் போய் உட்கார்ந்தால், அதன்மேல் கட்டுகிற வாதம் அத்தனையும் சரியும். மலர், இதழ், மாதம், பக்கம் நான்கையும் அங்கேயே, அப்போதே எழுதிவிடுங்கள்.

தேடிக் கிடைக்காத ஒன்றை ‘இல்லை’ என்று எழுதத் துணியாதீர்கள். அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ தொடங்கி, பின்னர் ‘தமிழன்’ என்ற பெயரில் 1914இல் தாம் மறையும்வரை நடத்தினார். பல பத்தாண்டுகள் அறிவுலக வரலாற்றில் அவருக்கு ஒரு மூலைகூடக் கிடைக்கவில்லை. அந்த இதழ்களிலிருந்து ஞான. அலாய்சியஸ் தொகுத்த ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ 1999இல் பாளையங்கோட்டையிலிருந்து வெளிவந்த பிறகுதான் நவீனத் தமிழ்ச் சிந்தனையின் தொடக்கத்தையே மறுபடி பேசவேண்டியதாயிற்று. இதழ்கள் எங்கோ இருந்தன. அவற்றைத் தேடி எடுக்க ஆள் இல்லாததே குறை. யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981இல் எரிக்கப்பட்டபோது சாம்பலானவற்றைத் தேட இனி வழியே இல்லை. இந்த இரண்டு இல்லாமைகளும் வேறு வேறு. வேறுபாடு அறிந்து எழுதுகிறவரே ஆய்வாளர்.

உங்களில் ஆசிரியர் ஆகப்போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இதழியல் வரலாற்றைக் கரும்பலகையில் ஆண்டு வரிசையாக எழுதிப் போடாதீர்கள். ஒரு மாணவருக்கு ஓர் இதழ் என்று மின்பிரதியைக் கொடுத்துவிட்டு, தனிப்பிரதி விலை என்ன, ஆசிரியருக்குக் கடிதம் எழுதியவர்கள் எந்த ஊர்க்காரர்கள், பெண்கள் பெயர் எத்தனை இடத்தில் வருகிறது என்று கேளுங்கள். என் வகுப்பில் வாயே திறக்காத பிள்ளைகள்கூட, பினாங்கிலிருந்தும் கொழும்பிலிருந்தும் வந்த வாசகர் கடிதங்களைக் கண்டு எழுந்து நின்று பேசியிருக்கிறார்கள்.

கடைசியாக, உங்கள் வீட்டுப் பரணையும் பாருங்கள். தாத்தாவின் டிரங்குப் பெட்டியில், பாட்டி பைண்டு செய்து வைத்த கட்டில், எந்த நூலகத்திலும் இல்லாத ஓர் இதழ் இருக்கலாம். கிழிந்த இடத்தில் செல்லோடேப் ஒட்டாதீர்கள். அதன் பசை தாளில் கறை படியச் செய்துவிடும். விளம்பரப் பக்கத்தைப் பிய்க்காதீர்கள். பழைய பேப்பர்காரருக்கு எடைக்குப் போடும் முன், ஆவணப்படுத்துகிற ஒரு நூலகத்துக்குத் தகவல் சொல்லுங்கள்.