சீனர் கடைத்தெருவில் சூலியாப் பள்ளிவாசல்

தர்மபுரியிலிருந்து சிங்கப்பூர் செல்லும் நம்மவர், சைனாடவுன் பகுதியில் தமிழ் முன்னோரின் சுவடு ஒன்றைக் காண்பர். சவுத் பிரிட்ஜ் சாலையில், எண்கோண மினாராக்கள் இரண்டுடன் எழுந்து நிற்கும் ஜாமிஆ பள்ளிவாசலே அது. சோழமண்டலக் கரையிலிருந்து சென்ற சூலியா முஸ்லிம்கள் 1826இல் அதை நிறுவினர்.

தை, மாசியில் சீனப் புத்தாண்டு பிறக்கையில் பள்ளியைச் சுற்றிலும் செவ்விளக்குகள் ஒளிரும். எலி முதல் பன்றி வரை 12 விலங்குகள் ஆண்டுகளுக்கு முறையே பெயர் தருகின்றன. 2025 ஜனவரி 29இல் பிறந்தது பாம்பாண்டு. அவற்றைக் கொண்டு பலன் கணிப்பது நம் நெறிக்கு ஒவ்வாது.

ஆயினும் வீட்டைத் துப்புரவாக்குதல், முந்தைய இரவு குடும்பமாய்க் கூடி உண்ணல், பெரியோரைக் கண்டு வாழ்த்துதல் ஆகியவை நாமும் போற்றுபவை அல்லவா? சிறார்க்குச் சிவப்பு உறையில் பணமளிக்கும் அவர்தம் வழக்கத்தை, மலாய் முஸ்லிம்கள் பச்சை உறையாக்கிப் பெருநாளில் சேர்த்துக்கொண்டனர்.

ஹிஜ்ரி ஆண்டு சுமார் 11 நாள் குறைவாதலால் நம் பெருநாள் ஆண்டுதோறும் முன்னதாக வருகிறது. அவ்வாறு 1996 முதல் 1998 வரை நோன்புப் பெருநாளும் சீனப் புத்தாண்டும் ஓரிரு நாள் இடைவெளியில் அமைந்தன. கொள்கையில் உறுதியும் அண்டை வீட்டாரிடம் கனிவும் ஒருங்கே இயலும் என்பதற்கு, ஏறத்தாழ 200 ஆண்டுகளாகச் சீனர் நடுவே நிலைத்திருக்கும் அப்பள்ளியே சான்று.