திரும்பி வாரா வாடிக்கையாளர்

மலர்க் குழுவினர் எம்மிடம் கட்டுரை வேண்டியபோது, சமயத்தைப் பற்றியோ இலக்கியத்தைப் பற்றியோ எழுதுவோம் என்றே எதிர்பார்த்திருப்பர். அத்துறைகளில் வல்ல பழைய மாணவர் பலர் இம்மலரை அணி செய்கின்றனர். யாமோ கல்லூரியை விட்டகன்ற நாள் முதல் துறைமுகத்தை அடுத்த கடைத்தெருவிலேயே காலங் கழித்தோம். ஆதலின் யாம் அறிந்த வாணிபத்தைப் பற்றி, அதிலும் விளம்பரத்தைப் பற்றிச் சில சொல்லத் துணிந்தோம். விளம்பரம் என்றவுடன் நண்பர் சிலர் முகஞ் சுளிப்பர். பொய்யை அழகாகச் சொல்வதே விளம்பரம் என்பது அவர் கருத்து. அது முற்றும் பிழையென்று சொல்வதற்கில்லை, முற்றும் சரியுமன்று.

துறைமுகப் பட்டினத்து வணிகனுக்கு மற்றை ஊரார்க்கில்லாத சோதனை ஒன்று உண்டு. உள்ளூரில் வாங்குபவன் நாளையும் வருவான். நிறை குறைந்தால் வாசலில் நின்று கேட்பான். கப்பலில் வந்தவனோ மறுநாள் நங்கூரந் தூக்கிப் போய்விடுவான். அவனை ஏமாற்றினால் கேட்பாரில்லை. பிரித்தானியக் கடற்படை இங்கு நிலைகொண்டிருந்த காலத்தில் எம் தந்தையார் தலைமுறையினர் இச்சோதனையை நாள்தோறும் கண்டனர். கரையிறங்கும் மாலுமிகள் ஊருக்குக் கொண்டு செல்லக் கருங்காலி யானை தேடுவராம். சாயம் பூசிய மரத்தைக் கருங்காலி என்று விற்ற கடையும் இருந்தது. “இது சாயம், அது கருங்காலி, விலை வேறு” என்று இரண்டையும் பக்கத்திற் பக்கமாக வைத்துக் காட்டிய கடையும் இருந்தது. பின்னவரைப் பிழைக்கத் தெரியாதவர் என்று தெருவிற் சிரித்தனர். ஆனால், போனவன் மாலுமி ஒருவனேயன்றிக் கப்பற்பேச்சு நின்றுவிடவில்லை. எந்தக் கடைக்குள் நுழையலாம், எந்தக் கடையைக் கடந்து போகவேண்டும் என்பதை ஒரு கப்பலார் அடுத்த கப்பலார்க்குச் சொல்லிவிட்டே சென்றனர். புதிதாக வந்த மாலுமி, முன் ஒருபோதும் காணாத கடையின் பெயரைச் சொல்லி வழி கேட்டதாகத் தந்தையார் வியந்து கூறுவார்.

1957 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்திற் கடற்படைத் தளம் இலங்கை அரசிடம் ஒப்படைக்கப்பட்டது. அதன்பின் அவ்வியாபாரம் ஒடுங்கிற்று. எமக்கு நினைவு தெரிந்த நாளில் எஞ்சி நின்ற கடைகளிற் பல, உள்ளூராரிடமும் நல்ல பெயர் வாங்கியவை.

இவ்விடத்திற் பழந்தமிழ் நூல் ஒன்றை நினையாதிருக்க முடியவில்லை. பட்டினப்பாலை பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனார் காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் புகழுமிடத்து, அவர்தம் செல்வத்தைச் சொல்வதோடு நில்லாது, வாங்கும்போது கூடுதலாக எடாமலும் விற்கும்போது குறைத்துக் கொடாமலும் நடந்ததைச் சொல்கின்றார். அதுவும் ஒரு துறைமுகம். அங்கு வந்தவரும் பலமொழி பேசும் அயலார். புலவர் அதைச் சும்மா பாடவில்லை என்பது எம் துணிபு.

இனி, உள்ளூரில் நம்பிக்கை எவ்வாறு விளைகின்றது என்பதற்குத் தயிரைச் சொல்வோம். தம்பலகாமம், கிண்ணியா, மூதூர்ப் பக்கத்து எருமைத் தயிரின் சுவையை அறியாத பழைய மாணவர் இருக்கமுடியாது. அத்தயிர் மண்சட்டியில் உறைவது. சட்டி நீரை உறிஞ்சிக்கொள்ள, தயிர் இறுகும். நல்ல தயிர்காரர் விலை சொல்லுமுன் சட்டியைச் சரித்துக் காட்டுவார். தயிர் அசையாது நிற்கும். அவருக்கு வேறு விளம்பரம் வேண்டியதில்லை. மாக்கலந்தும் தயிரை இறுகச் செய்யலாம் என்பது உண்மையே. கல்லூரி ஆய்வுகூடத்தில் அயடீன் துளி பட்டால் மாப்பொருள் கருநீலமாகும் என்று படித்தோமன்றோ? அப்பாடத்தின் பயனை எம் வீட்டார் அறிந்தது ஒரு தயிர்ச் சட்டியினாற்றான். எவரிடம் வாங்கியது என்று இங்குச் சொல்லமாட்டோம்.

எம் வீட்டிற்குப் பல்லாண்டு தயிர் தந்த முதியவர் ஒருவர் இருந்தார். வறண்ட மாதங்களில் மேய்ச்சல் குன்றிப் பால் குறையும். அக்காலத்தில் அவர் வாசலில் நின்று, “தம்பி, இன்றைக்குத் தயிர் போன கிழமையைப்போல இல்லை, பாதி விலை தந்தாற் போதும்” என்பார். எம் அன்னையார் ஒருநாளும் அவரிடம் சட்டியைச் சரிக்கச் சொன்னதில்லை. நல்ல நாளில் அவர் “நல்ல தயிர்” என்றால் அச்சொல்லை ஐயமின்றி எடுத்துக்கொண்டமைக்குக் காரணம், கெட்ட நாளில் அவர் சொன்ன சொல்லே. வணிகநூல் எழுதுவோர் இதனை ஏன் முதல் அதிகாரத்தில் வைப்பதில்லை என்று யாம் பலமுறை எண்ணியதுண்டு.

பொருள் கடல் கடந்து போகும்போது சட்டியைச் சரித்துக் காட்ட இயலாது. அங்கு முத்திரையே அந்த வேலையைச் செய்யவேண்டும். இலங்கையிலேயே பொதி செய்யப்பட்ட கலப்பற்ற இலங்கைத் தேயிலைக்கு மட்டும் உரிய சிங்க இலச்சினை அத்தகையது. நாட்டின் பெயர் 1972 இல் மாறிய பின்னும் ‘சிலோன் ரீ’ என்ற பெயரை விடாது வைத்திருப்பதும் அது சேர்த்து வைத்த நம்பிக்கை கருதியே. அந்நம்பிக்கையுங் கூட மெல்லியது. 2017 டிசம்பரில் ஒரு தேயிலைப் பொதியில் வண்டு காணப்பட்டதென்று ருசியா நம் தேயிலை முழுவதையும் சில நாட்கள் தடுத்தது. கடலோரத்தவராகிய நமக்கு இன்னும் அண்மையான செய்தி மீன். ஆழ்கடலில் விதிமீறிப் பிடிப்பதைத் தடுக்கவில்லை என்று கூறி, ஐரோப்பிய ஒன்றியம் 2015 தொடக்கத்தில் நம் நாட்டு மீனுக்குக் கதவடைத்தது; 2016 இலேதான் திறந்தது. ஒழுங்காகத் தொழில் செய்தவரும் மற்றவரோடு சேர்ந்தே நட்டப்பட்டனர்.

இன்று மாலுமிகளின் இடத்திற்குச் சுற்றுலாப் பயணிகள் வந்துவிட்டனர். 2009 இற் போர் முடிந்த பின் உப்புவெளியும் நிலாவெளியும் விடுதிகளால் நிறைந்தன. திமிங்கிலங் காட்டுகின்றோம், புறாத்தீவிற் பவளங் காட்டுகின்றோம் என்று எங்கும் பலகைகள். நம் துறைமுகத்தை ஒட்டியே கடலடியில் ஆழ்பள்ளம் இருப்பதால் திமிங்கிலங்கள் கரைக்கு அண்மையில் வருகின்றன என்பது மெய். ஆனால் அவை நம் பலகையைப் படித்துவிட்டு வருவதில்லை. “காண்பது நிச்சயம்” என்று பணம் வாங்கிய படகிற் சென்ற விருந்தினர் சிலர், நாலு மணிநேரம் வெயிலில் வெறுங்கடலைக் கண்டு மீண்டதை யாம் அறிவோம். அவர்கள் திரும்பி வரமாட்டார்கள். ஆயினும் கரையேறுமுன்பே கைத்தொலைபேசியில் உலகிற்கு எழுதிவிட்டார்கள். கப்பற்பேச்சு இப்பொழுது விரைவு பெற்றுவிட்டது, வேறு மாற்றமில்லை.

எம் தமக்கை மகன் உப்புவெளியில் ஆறு அறைகள் கொண்ட விடுதியொன்றை நடத்துகின்றான். கடனெடுத்துக் கட்டியது. அதன் அறிமுகக் குறிப்பை எழுதித் தரும்படி எம்மைக் கேட்டான். யாம் எழுதியவற்றுள் ஒரு வரியில் அவனுக்கும் எமக்கும் வழக்காயிற்று. கார்த்திகை முதல் தை வரை வாடைக்காற்றுக் காலம். மழையும் அலையும் மிகும், கடற்குளிப்பு ஆகாது என்பதே அவ்வரி.

“மாமா, பக்கத்து விடுதிக்காரர் ஒருவரும் இதைச் சொல்லவில்லையே. டிசம்பர் விடுமுறைக்கு வருபவர்களை நாமே துரத்துவதா?” என்றான்.

அவன் சொன்னதில் நியாயமில்லாமலில்லை. வங்கிக்காரர் வாடையென்றும் சோளகமென்றும் பாராது மாதந்தோறும் தவணை கேட்பார். யாம், வரியை எடுக்கவேண்டாம், அதன்கீழ் இன்னும் சில வரி சேர்ப்போம் என்றோம்: அக்காலத்திற் கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஏழினையும் சென்று காணலாம், கோணேசர் கோயிற் குன்றின்மேல் நின்று அலை மோதும் அழகைப் பார்க்கலாம், அறைக்கூலி அரைப்பங்கு. படத்தையும் மாற்றச் சொன்னோம். சித்திரை மாதத்து நீலக்கடலோடு மார்கழிக் கடலின் படமொன்றும் பக்கத்தில் வைக்கப்பட்டது.

முதலாண்டு டிசம்பரில் நான்கு அறைகள் வெறுமையாகவே கிடந்தன. அவன் தாயார் எம்மோடு சிலநாள் முகங்கொடுத்துப் பேசவில்லை. மறு ஆண்டு இரண்டு அறைகள் வெறுமை. அவ்வாண்டு வந்த முதிய தம்பதியர், மழையைப் பார்க்கவே வந்தோம் என்றனராம். எல்லாச் செலவும் போக விடுதி இன்னும் பெரிதாக மிச்சம் பிடிக்கவில்லை, கடனும் முடியவில்லை. வரி மாத்திரம் இருக்கின்றது. சென்ற மாதம் அவன் அதனைத் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதி வாசற் பலகையிலும் மாட்டிவிட்டான்.