ஜெயித்தவன் மேலே போகட்டும்

விருத்தாசலம்,
ஞாயிறு இரவு.

அன்புள்ள தம்பிக்கு,



உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். தட்டை எறிந்து ஆடும் டிஸ்க் கால்ஃபில், 900 ரேட்டிங்குக்குக் கீழே உள்ளவர்களின் பிரிவில் நீ ஆடுகிறாய். மேல் பிரிவுக்குத் தகுதியுள்ள ஒருவர் கோப்பைக்காகவே அங்கே நிற்கிறார் என்று எழுதியிருந்தாய். உன் வருத்தம் எனக்குப் புரிகிறது. நம் பக்கத்துச் செஸ் போட்டிகளிலும் இதே கதைதான்.

போன மாதம் ஒரு போட்டிக்குப் போயிருந்தேன். பொம்மைப் பட்டறையில் வேலை பார்க்கும் ஒருவர், பத்து வயது மகனைக் கூட்டி வந்திருந்தார். ஆறு மாதமாகத்தான் பையன் ஆடுகிறான். எல்லோருக்கும் ஒரே பிரிவு. மதியத்துக்குள் மூன்று ஆட்டமும் போயிற்று. மூன்றாவதில் ராணியை இழந்த பிறகும் அவன் எழுந்திருக்கவில்லை; காயைத் தொடாமல் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். சாப்பாட்டு இடைவேளையில் அப்பாவும் பிள்ளையும் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்ததைப் பார்த்தேன். எனக்கு மனசே ஆறவில்லை.

பொம்மை சுடும் சூளையில் நாம் செய்வது உனக்குத் தெரியும். ஈரம் போகாத பொம்மையைச் சட்டென்று சூடேற்றினால், உள்ளே இருக்கும் தண்ணீர் ஆவியாகி பொம்மை வெடித்துவிடும். மெதுவாகச் சூடு ஏற்றினால் அதே மண் சூளையின் சூட்டைத் தாங்கும். ஆட வருகிற பிள்ளைக்கும் அந்த அவகாசம் வேண்டும்.

வயதை வைத்துப் பிரித்தால் போதும் என்கிறார்கள். 2024 டிசம்பரில் குகேஷ் செஸ்ஸில் உலக சாம்பியன் ஆனபோது அவருக்கு வயது 18. வயதா திறமையைச் சொல்கிறது? ரேட்டிங்கை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். ஆனால் பிரிவுகளின் அந்த எல்லையையும் அவ்வப்போது பார்த்துத் திருத்த வேண்டும். 2024 மார்ச்சில் உலகச் செஸ் கூட்டமைப்பான ஃபிடே, ரேட்டிங்கின் அடிமட்டத்தை 1000லிருந்து 1400 ஆக்கியது. 2000க்குக் கீழே இருந்தவர்களுக்கு, 2000த்தை எட்ட எவ்வளவு குறைகிறதோ அதில் நாற்பது சதவீதத்தைக் கூட்டிக் கொடுத்தது. 1300 வைத்திருந்தவருக்கு 1580 ஆனது. 1600 வைத்திருந்தவருக்கு 1760. அதற்குப் பிறகும் ‘1600க்குக் கீழ்’ என்று பழைய எல்லையையே வைத்தால், அது வேறு ஆட்களின் பிரிவாகிவிடுகிறது.

பொங்கலுக்கு இங்கே ஒரு போட்டி நடத்தலாம் என்று நாலைந்து பேர் பேசிக்கொண்டிருக்கிறோம். நான் சொன்னது இதுதான். கீழ்ப் பிரிவில் பணப் பரிசு வேண்டாம். கோப்பையும் ஒரு நல்ல செஸ் புத்தகமும் போதும். பணம் வைத்தால், அதற்காகவே சின்னப் போட்டிகளில் தோற்று ரேட்டிங்கை இறக்கிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. அதனால் இன்றைய ரேட்டிங்கைப் பார்க்காமல், கடந்த இரண்டு வருஷத்தில் எட்டிய உச்ச ரேட்டிங்கைப் பார்க்க வேண்டும். ரேட்டிங்கே இல்லாமல் வருகிற பெரியவர்கள் மேல் பிரிவில்தான் ஆட வேண்டும். மேலே போய் ஆட ஆசைப்படுகிறவரை யாரும் தடுக்கக் கூடாது. கீழே இறங்கி ஆட மட்டும் அனுமதி கிடையாது. ஒரு பிரிவில் முதலிடம் பெற்றவர், அடுத்த வருஷம் அதற்கு மேலே உள்ள பிரிவில்தான் பெயர் கொடுக்கலாம்.

கடைசி விதிக்கு மட்டும் எதிர்ப்பு வந்தது. ஜெயித்தவனைத் தண்டிக்கிறாயா என்று கேட்டார்கள். ஜெயித்தவனுக்குக் கொடுக்கிற மரியாதையே அதுதான் என்றேன்.

அந்தப் பட்டறைக்காரரை நேற்றுப் பார்த்துப் பொங்கல் போட்டியைச் சொன்னேன். பையன் தினமும் சாயங்காலம் பலகையை எடுத்து வைக்கிறானாம்.

நீயும் ஒன்று செய், தம்பி. கோப்பைக்காக உன் பிரிவில் நிற்கும் அந்த மனிதரைப் பற்றிப் புகார் சொல்வதோடு நிறுத்தாதே. உன் பிரிவில் ஒருநாள் நீ ஜெயிப்பாய். அடுத்த போட்டிக்கு அங்கே பெயர் கொடுக்காதே.

அன்புடன்,
உன் அண்ணன்