ஆற்றில் போட்ட பொன்

கருவேப்பிலங்குறிச்சிக்காரனுக்கு ஆறு இரண்டு. ஊருக்கு வெள்ளாறு, டவுனான விருத்தாசலத்துக்கு மணிமுத்தாறு. கூடலையாற்றூரில் ஒன்றாகி, பரங்கிப்பேட்டையில் கடலைச் சேர்கின்றன. சிறுவயதில் எங்களுக்கு ஆறென்றால் மணல்தான். தண்ணீர் ஐப்பசி கார்த்திகையில் வந்துபோகும் விருந்தாளி. சிங்கப்பூரிலிருந்து நீண்ட இடைவெளிக்குப் பின் வந்து பார்த்தபோது அந்த மணலும் குறைந்து, சீமைக்கருவேலம் மண்டியிருந்தது.

விருத்தாசலத்துக்கு அக்கா மகனோடு போனேன். பீங்கான் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கிறவன். பழமலைநாதர் கோயிலைச் சுற்றிவிட்டு ஆற்றங்கரைக்கு வந்ததும், போனில் அகமதாபாத்தின் சபர்மதிக் கரையைக் காட்டினான். "இந்த மாதிரி ஒரு பார்க் வந்தா நம்ம டவுனே மாறிடும் மாமா. கடைத்தெருவுக்குக் கூட்டம் வரும்."

ஆசை நியாயமானதுதான். ஆனால் 2012-இல் திறந்த அந்த நடைபாதைக்குப் பக்கத்தில் நிற்பது நர்மதைக் கால்வாயிலிருந்து வரும் தண்ணீர். நமக்கு எந்தக் கால்வாய் வரப்போகிறது? ஆற்றை இரு பக்கமும் சுவர் வைத்து நெருக்கினால், கார்த்திகை வெள்ளம் ஊருக்குள்தான் வழி தேடும்.

சிங்கப்பூரில் எனக்குப் பிடித்த இடம் பீஷான் பூங்கா. காலாங் ஆறு அங்கே நேர்க்கோடாக ஓடும் கான்கிரீட் வாய்க்காலாக இருந்தது. அந்த 2.7 கிலோமீட்டர் வாய்க்காலை உடைத்து, 3.2 கிலோமீட்டர் வளைந்தோடும் ஆறாக்கி 2012-இல் திறந்தார்கள். கரையில் சுவர் கிடையாது, புல்சரிவுதான். சாதாரண நாளில் பிள்ளைகள் முழங்கால் தண்ணீரில் மீன் பார்ப்பார்கள். பெருமழையில் சைரன் ஒலிக்கும், எல்லோரும் மேலேறிவிடுவார்கள், பூங்காவின் பாதி ஆறாகிவிடும். மழை விட்டதும் மறுபடி புல்வெளி. காய்ந்தும் பெருகியும் கிடக்கிற நம் ஆற்றுக்கு இந்த ஏற்பாடே பொருந்தும்.

அதைவிட முக்கியமானது ஒன்றுண்டு. சிங்கப்பூர் ஆற்றை 1977-இல் சுத்தம் செய்யத் தொடங்கி முடிக்கப் பத்து வருஷம் பிடித்தது. பன்றிப் பண்ணைகளையும் வாத்துப் பண்ணைகளையும் அகற்றி, சுமார் 26,000 குடும்பங்களுக்கு வேறு வீடு கொடுத்து, தெருக்கடைக்காரர்களை உணவுக் கூடங்களுக்கு மாற்றினார்கள். அப்படி இடம்பெயர்ந்தவர்களில் எத்தனை பேர் மனமுவந்து போனார்கள் என்பது வேறு கதை. சாக்கடை நின்ற பிறகுதான் அங்கே கரையில் நாற்காலி போட்டார்கள். நம் ஊர்களில் முதலில் வளைவும் வண்ண விளக்கும் வந்துவிடும். கழிவுநீர்க் குழாய் அதன் அடியிலேயே ஆற்றில் விழும்.

சுந்தரர் விருத்தாசலத்தில் கிடைத்த பன்னிரண்டாயிரம் பொன்னை மணிமுத்தாற்றில் போட்டுத் திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்தார் என்பது பெரியபுராணம். அவருக்குக் கிடைத்தது. அரசாங்கப் பணத்தை ஆற்றில் போட்டால் எந்தக் குளத்திலும் தேட முடியாது.

மாசி மகத்தன்று இந்த ஆற்றில் திதி கொடுக்க வரும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு, இந்த டவுனின் மையம் எது என்று சொல்லித் தரவேண்டாம். காசியைவிட வீசம் கூடுதல் என்று சொல்லிக்கொள்கிற ஊர். அந்தக் கூட்டம் இறங்க நல்ல படித்துறை, பெண்களுக்கு உடைமாற்ற மறைப்பு, நிழலுக்கு மருதமரங்கள், வெள்ளம் ஏறியிறங்கப் புல்சரிவு. இவ்வளவு போதும். செயற்கை நீரூற்று வேண்டாம். உட்காரும் திண்ணைகளுக்கும் பெயர்ப்பலகைகளுக்கும் தொழிற்பேட்டைப் பீங்கானையே பதிக்கலாம். வீட்டுக்கு வீடு எம்சிபி சுவிட்ச் வந்தபின் ஃபியூஸ் பீங்கானைக் கேட்பவர் குறைந்து, அகல்விளக்கையும் பொம்மையையும் நம்பியிருக்கிற பட்டறைகளுக்கு அது கொஞ்சம் வேலை தரும்.

இதையெல்லாம் பாலக்கரையில் டீ குடித்தபடி அக்கா மகனிடம் சொன்னேன். அவன் பொறுமையாகக் கேட்டான்.

"அந்தச் சாக்கடையை நிறுத்த யாரையாவது வரச் சொல்லுங்க மாமா. பீங்கான் வேலையை நாங்க பார்த்துக்கறோம்."