கடலுக்கடியில் என்ன இன்பம்?



"நடப்பதற்கு அல்லாஹ் தரையைத் தந்திருக்க, காசு கொடுத்துக் கடலுக்கடியில் போறதில என்ன இன்பம் மவ்லவி?"

இப்படிக் கேட்டவர் நிலாவெளிப் பக்கத்தில் வாழும் ஒரு தாய். 2004 டிசம்பர் 26இல் வந்த கடற்கோளில் மூத்த மகனைப் பறிகொடுத்தவர். இளைய மகன் முன்பு என்னிடம் ஓதிய மாணவன். இப்போது உல்லாசப் பயணிகளுக்குச் சுழியோட வழிகாட்டுகிறான். "நீங்களாவது அவனுக்குப் புத்தி சொல்லுங்க" என்று அழுதார். ஒரு விடயத்தை அறியாமல் அதைப் பற்றிப் புத்தி சொல்வது முறையல்லவே! நானும் அவனுடன் புறப்பட்டேன்.

திருகோணமலை நகரிலிருந்து வடக்கே ஏறத்தாழ 15 கிலோமீற்றரில் நிலாவெளி. கரையிலிருந்து சுமார் ஒரு கிலோமீற்றரில் புறாமலைத் தீவு. அதன் பாறைகளில் வாழும் மாடப்புறாக்களால் வந்த பெயர் அது. 2003இல் தேசியப் பூங்காவாகப் பிரகடனம் செய்யப்பட்டது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை இந்தக் கடல் பெரும்பாலும் அமைதியாயிருக்கும். வள்ளத்தில் ஏறினால் சிறிது நேரத்தில் போய்விடலாம்.

கரையோரத்தில் இடுப்பளவு நீரில் நின்று, கண்ணாடியை அணிந்து முகத்தை அமிழ்த்தினேன். ஸுப்ஹானல்லாஹ்! பூந்தோட்டம் போல் முருகைக் கற்கள். அவற்றைக் கொறிக்கும் கிளிமீன்கள். செட்டை நுனி கறுத்த சிறு சுறாக்கள் தம் பாட்டில் போயின. "பயப்படாதீங்க ஹஸரத், நாம சீண்டாவிட்டால் அதுகளும் சீண்டாது" என்றான் மாணவன்.

பின்னர் அவன் காற்றுச் சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு இன்னொருவருடன் ஆழத்துக்குப் போய் வந்தான். தாயின் கேள்வியை அவனிடமே கேட்டேன்.

"கீழே உடம்புக்குப் பாரமில்லை ஹஸரத். பேச ஏலாது. நம்மட மூச்சுச் சத்தம்தான் கேட்கும். சிலிண்டரில் உள்ள காற்று அளவானது. ஒவ்வொரு மூச்சும் எண்ணித் தந்தது என்று அங்கேதான் விளங்குது."

ஆழம் போகப் போகச் சிவப்பு நிறம் முதலில் மங்கிவிடும் என்றும், டோர்ச் அடித்தால் மறைந்த நிறம் திரும்பி வரும் என்றும் சொன்னான். ஆழ்கடலின் இருள்களைப் பற்றி ஸூரா அந்நூரில் ஓதும் நமக்கு இதில் சிந்தனை உண்டல்லவா?

வேறு சிலருக்கு, மறைந்து கிடப்பதைக் காணும் ஆசை. சுழியோடும் ஆர்வமே 1956இல் எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்கை இலங்கைக்கு வரவழைத்துக் குடியேறச் செய்தது. 1961இல் அவருடைய தோழர் மைக் வில்சன் தென்கிழக்குக் கடலில், கிரேட் பாஸஸ் வெளிச்சவீட்டருகே, மூழ்கிய கப்பலொன்றின் வெள்ளி நாணயங்களைக் கண்டார். அவை சூரத்தில் அச்சானவை. ஹிஜ்ரி 1113ஆம் ஆண்டு பொறித்தவை. முகலாய மன்னர் அவுரங்கசீப் காலத்தவை!

ஆனால் சகோதரிகளே, கடல் விளையாட்டுப் பொருளல்ல. ஒவ்வொரு 10 மீற்றர் ஆழத்துக்கும் காற்று மண்டலத்தின் ஒரு மடங்கு அழுத்தம் கூடுகிறது. மேலே வரும்போது மூச்சை அடக்கக் கூடாது, மெதுவாகவே வரவேண்டும். தனியே போகவே கூடாது. கடலட்டைக்காகப் பல தடவை ஆழத்துக்குப் போய், அவசரமாக மேலெழுந்து, கை கால் வழங்காமல் போன இளைஞர்கள் நமது கரையோரங்களில் உண்டு. பயிற்சியின்றி இறங்குவது தன்னைத்தானே அழிவில் போடுவதாகும்.

திரும்பும்போது வள்ளத்தில் அவன் மெல்லச் சொன்னான்: "நானாவைக் கொண்டுபோன கடல் இது. இதை வெறுத்துக்கொண்டு இந்தக் கரையில் எப்படி வாழுற? பார்த்துப் பழகின பிறகுதான் என்ட வெறுப்புப் போச்சு."

இதை அந்தத் தாயிடம் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. "நானாட முகத்தை அங்க தேடித் திரியுறானோ என்டுதான் மவ்லவி எனக்குப் பயம்" என்றார். மகனிடம் நான் சொன்ன புத்தி ஒன்றுதான்: "போகுமுன் உம்மாவிடம் சொல்லிவிட்டுப் போ. வந்ததும் முதலில் அவர் முன் போய் நில்."

மஃரிபுக்குப் பின் விடைபெற்றேன். வாசலில் செருப்பை மாட்டும்போது உள்ளே அந்தத் தாயின் குரல் கேட்டது: "இண்டைக்குக் கடலுக்குள்ள என்ன கண்டாய் மகன்?"

கடலை நம்பி வாழும் நம் பிள்ளைகள் அனைவரையும் வல்ல ரஹ்மான் பத்திரமாகக் கரை சேர்ப்பானாக! ஆமீன்.