ஈரல் பற்றி இரண்டு வரி

மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் காகிதத்தை யாரும் படிப்பதில்லை. 1981ல் நான் ஒன்றைப் படித்தேன். மொழிபெயர்த்தேன் என்பதுதான் சரி. பால்ய நண்பன், இங்கிலீஷ் வராது. ஆணழகன் போட்டிக்கு மூன்று மாசம் இருந்தது. உடற்பயிற்சிக் கூடத்தில் யாரோ ஒரு அண்ணன் கொடுத்த மாத்திரை. "என்னடா போட்டிருக்கு, படிச்சுச் சொல்லு" என்றான். தசை, புரதம், எடை எல்லாம் சொன்னேன். ஈரல் பற்றி இரண்டு வரி இருந்தது. விட்டுவிட்டேன்.

அவன் பயப்படுவானே என்ற கரிசனம் இல்லை. கர்லாக்கட்டையும் முட்டையும் கொண்டைக்கடலையுமாக அவன் சேர்த்திருந்த உடம்பு இன்னும் எதுவரை போகும் என்று பார்க்க எனக்கு ஆசை. எலும்பும் தோலுமான ஆசாமிகளின் ஆசை.

பிற்பாடுதான் ஜான் ஸீக்ளரைப் பற்றிப் படித்தேன். அமெரிக்க டாக்டர். 1954ல் வியன்னாவில் நடந்த உலகப் பளுதூக்கும் போட்டிக்குப் போனவர், ரஷ்யர்கள் டெஸ்டோஸ்டிரோன் எடுத்துக்கொள்வதை அங்கே தெரிந்துகொண்டார். 1958ல் ஸீபா கம்பெனியின் டயனபால் வந்தது. பென்ஸில்வேனியாவில் யார்க் நகரத்து வீரர்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துப் பார்த்தார். அவர்கள் அவர் சொன்ன அளவை மதிக்கவில்லை. எடை கூடியதற்கெல்லாம் புதுப் பயிற்சி முறைதான் காரணம் என்று அந்த ஊர்ப் பத்திரிகை எழுதிக்கொண்டிருந்தது. (விட்டுவிட்டுப் படிக்கிறவன் நான் ஒருவன் மட்டும் இல்லை.) ஸீக்ளர் கடைசியில் மனம் கசந்துபோய் 1983ல் இறந்தார்.

டெஸ்டோஸ்டிரோனை வெறுமனே விழுங்கினால் ஈரல் பெரும்பகுதியைச் சிதைத்துவிடும். அது முடியாதபடி பதினேழாவது கார்பனில் ஒரு மெத்தில் தொகுதியை ஒட்டவைத்திருக்கிறார்கள். மாத்திரையின் சாமர்த்தியமே அதுதான். ஈரலுக்குக் கேடும் அதிலிருந்துதான். வெளியிலிருந்து வருகிறதென்று தெரிந்ததும் உடம்பு தன் சொந்தச் சுரப்பைக் குறைத்துக்கொள்கிறது, விரைகள் சுருங்குகின்றன.

போட்டியில் அவனுக்கு இரண்டாவது இடம். நாலாவது மாசம் காமாலை. என்ன சாப்பிட்டாய் என்று டாக்டர் கேட்டபோது நான் கட்டில் பக்கத்தில் நின்றிருந்தேன். "அதிலே ஒண்ணும் கெடுதல் போடலை டாக்டர், இவன் படிச்சுப் பாத்தான்" என்றான்.

பிழைத்துக்கொண்டான். பளு தூக்குவது அத்தோடு நின்றது. நான் சொல்லவில்லை.

போன மாசம் அவன் பேரன் ஒரு டப்பாவோடு வந்தான். க்ரியாட்டின், மாமிசத்திலும் மீனிலும் இருப்பதுதான். பையனுக்கு இங்கிலீஷ் தண்ணீர் பட்ட பாடு. ஆனாலும் வாங்கி, தயாரித்தவர் விலாசம் வரை ஒரு வார்த்தை விடாமல் தமிழில் உரக்கப் படித்தேன். பையன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். திண்ணையிலிருந்து அவன் தாத்தா கேட்டுக்கொண்டிருந்தான்.